மட்டாஞ்சேரியிலிருந்து ஃபோர்ட் கொச்சி வரை: ஊர் நண்பரோடு ஒரு நாள் சுற்ற முழு வழிகாட்டி

எர்ணாகுளத்தில் தங்கி, காலையில் தண்ணீர் வழியாக மட்டாஞ்சேரி போய், கொஞ்சம் நடந்தும் கொஞ்சம் ஆட்டோவிலுமாக ஃபோர்ட் கொச்சி வந்து, இருட்டியதும் படகில் திரும்புவது. கூடவே அந்த ஊர்க்காரர் ஒருவர். இதுதான் திட்டம்.

கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வருகிறவர்களை அங்கே கூட்டிப் போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. தாங்களாகவே போய்வந்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இரண்டே குறைதான் சொல்வார்கள். ஒன்று, போன இடமெல்லாம் பூட்டியிருந்தது. இன்னொன்று, கூட வந்த கொச்சி நண்பருக்கே அங்கே ஒன்றும் தெரியவில்லை. இரண்டையும் கிளம்புவதற்கு முன்பே சரிசெய்துவிடலாம். அதனால் முதல் நான்கு பகுதிகளை ரயில் டிக்கெட் போடுவதற்கு முன் படியுங்கள்.

1. முதலில் கிழமை, பிறகு டிக்கெட்

வார இறுதியில் போவதுதான் எல்லோருக்கும் வசதி. ஆனால் இந்தப் பகுதிக்கு மோசமான நாட்களும் அவைதான்.

மட்டாஞ்சேரி அரண்மனைக்கு (டச்சு அரண்மனை என்பார்கள்) வெள்ளிக்கிழமை விடுமுறை. பரதேசி (இங்கே வெளிநாட்டார் என்று பொருள்) யூத ஆலயம் வெள்ளி மதியத்தோடு மூடிவிடும். சனிக்கிழமை அவர்களுடைய ஓய்வுநாள் என்பதால் முழுக்கத் திறக்காது, யூதப் பண்டிகை நாட்களிலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை ஆலயம் திறந்திருக்கும்; ஆனால் பஜார் ரோட்டின் கிடங்குகள் அடைத்துக் கிடக்கும், ஃபோர்ட் கொச்சி தேவாலயங்களில் காலை முழுக்க வழிபாடு நடக்கும். திங்கட்கிழமை போனால் பிஷப் இல்ல வளாகத்தில் இருக்கும் இந்தோ-போர்ச்சுகீசிய அருங்காட்சியகம் கிடைக்காது. அது போனால் பரவாயில்லை என்றால் திங்களும் சரிதான்.

ஆக, செவ்வாய், புதன், வியாழன். இரண்டு நாள் விடுப்பு எடுக்க முடிகிறவர்கள் இந்த மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மாதம் என்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஏப்ரல், மே மாதங்களில் வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளை அடித்துப் போடும். ஜூனில் மழை தொடங்கிவிட்டால் நாள் நம் கையில் இருக்காது.

2. எந்த நண்பர் என்பதைக் கவனியுங்கள்

புதிதாகப் போகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். "என்னோடு வேலை பார்த்தவர் கொச்சியில்தான் இருக்கிறார், அவர் காட்டுவார்" என்பார்கள். அந்த நண்பர் காக்கநாட்டில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பார், ஐடி வேலை. மட்டாஞ்சேரிக்கு அவர் கடைசியாக வந்தது பள்ளிச் சுற்றுலாவில். அவர் மேல் தப்பில்லை. சென்னையில் இருபது வருடம் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு ஜார்ஜ் டவுன் சந்துகள் தெரியும்?

உங்களுக்கு வேண்டியவர் மட்டாஞ்சேரி, சேர்லாய், கல்வத்தி, வெளி, ஃபோர்ட் கொச்சி பகுதிகளில் பிறந்தவர், அல்லது அங்கே கடையோ வீடோ உள்ள குடும்பத்துக்காரர். நேரடியாக அப்படி யாரும் இல்லையென்றால் காக்கநாட்டு நண்பரிடமே கேளுங்கள்: "மட்டாஞ்சேரிப் பக்கம் உங்களுக்குப் பழக்கமானவர் யாராவது உண்டா? ஒரு மணி நேரம் நம்மோடு வந்தால் போதும்." நாள் முழுக்க ஒருவரைக் கேட்டால் தயங்குவார்கள். ஒரு மணி நேரம் என்றால் பெரும்பாலும் வந்துவிடுவார்கள். வந்தபின் அவர்களாகவே இன்னும் கொஞ்சம் இருப்பார்கள்.

இன்னொரு விஷயம். மட்டாஞ்சேரியில் சில தெருக்கள் தள்ளி நடந்தாலே வேறு சமூகம், வேறு மொழி: கொங்கணி, குஜராத்தி, கட்ச் மேமன்கள், தக்னி உருது பேசுகிறவர்கள், தமிழர்கள். யாராக இருந்தாலும் அவருக்கு நெருக்கமாகத் தெரிவது தன் தெருவும் அக்கம்பக்கமும்தான். கொங்கணி நண்பரிடம் குஜராத்தி ரோட்டைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்டால் அவர் மரியாதைக்காக எதையாவது சொல்லி வைப்பார். அவருடைய பகுதியில் அவரைப் பேசவிடுங்கள், மற்ற இடங்களில் எல்லோருமாகச் சேர்ந்து பார்க்கலாம்.

3. நண்பரிடம் முன்கூட்டியே பேச வேண்டியவை

போனில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கேட்க வேண்டியவை மூன்று.

அவருக்கு எந்த நேரம் தோதுப்படும்? கடைக்காரர் என்றால் காலை பதினொன்று முதல் ஒன்று வரை நகர முடியாது. முஸ்லிம் நண்பர் என்றால் தொழுகை நேரம் இருக்கும். நோன்பு மாதத்தில் போனால் மதியச் சாப்பாட்டுத் திட்டமே மாறிவிடும்.

எந்த இடங்களுக்குள் அவர் வருவார்? கேரளத்துக் கோயில்கள் பலவற்றில் இந்துக்களை மட்டும்தான் அனுமதிப்பார்கள், ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். நண்பர் வேறு மதத்தவர் என்றால் அவரை வாசலில் நிற்க வைத்துவிட்டு நீங்கள் உள்ளே அரைமணி நேரம் நின்று கும்பிடுவது நன்றாக இருக்காது. சேர்லாயில் உள்ள கொங்கணி சமூகத்தின் கொச்சி திருமலை தேவஸ்வம் கோயிலைப் பார்க்க ஆசை என்றால் அதற்கு ஒரு கொங்கணிக் குடும்பத்தோடு இன்னொரு நாள் வாருங்கள், அல்லது அவர் வந்து சேர்வதற்கு முன்னால் போய்வந்துவிடுங்கள்.

வீட்டுக்கு அழைத்தால் எந்த வேளைக்கு? இதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் "நாங்கள் சாப்பாட்டுக்கு வெளியில் ஏற்பாடு செய்துகொள்கிறோம், வீட்டுக்குச் சாயங்காலம் ஒரு சாயா குடிக்க மட்டும் வருகிறோம்" என்று நீங்களே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால் வீட்டில் காலையிலிருந்து சமைத்து வைத்திருப்பார்கள், நீங்கள் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் நிற்பீர்கள். இது அடிக்கடி நடக்கிறது.

4. பையில் இருக்க வேண்டியவை

முழங்காலை மூடும் உடை, தோளை மூடும் மேல்சட்டை. யூத ஆலயத்தில் அரைக்கால் சட்டைக்கும் கையில்லாத உடைக்கும் அனுமதி இல்லை. எளிதில் கழற்றி மாட்டும் செருப்பு: யூத ஆலயம், கோயில், ஒருவேளை நண்பர் வீடு என்று நாள் முழுக்கக் கழற்றிக்கொண்டே இருப்பீர்கள். லேஸ் கட்டிய ஷூ போட்டு வருகிறவர்கள் மதியத்துக்குள் நொந்து போவதைப் பார்த்திருக்கிறேன். சிறிய பை, குடை, தண்ணீர் பாட்டில், பத்து இருபது ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் சில்லறை.

நண்பர் வீட்டுக்கு ஊரிலிருந்து ஏதாவது: திருநெல்வேலி அல்வா, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, மணப்பாறை முறுக்கு. ஜைனக் குடும்பம் என்றால் வெங்காயம், பூண்டு சேர்ந்த பண்டங்கள் வேண்டாம், பால்கோவாவே போதும்.

5. ஏன் மட்டாஞ்சேரியில் தொடங்க வேண்டும்

பெரும்பாலானவர்கள் நேராக ஃபோர்ட் கொச்சியில் இறங்கி, சீன வலைகளைப் பார்த்து, தேவாலயம் பார்த்து, மதியம் சாப்பிட்டு, மூன்று மணிக்கு மட்டாஞ்சேரி வருகிறார்கள். அதற்குள் வியாபாரச் சுறுசுறுப்பு அடங்கியிருக்கும், வெயில் உச்சியில் இருக்கும், யூத ஆலய வாசலில் நீண்ட வரிசை நிற்கும். மட்டாஞ்சேரி காலையில் வேலை பார்க்கும் ஊர். ஃபோர்ட் கொச்சிக்குக் கடற்கரைதான் பலம், அது மாலையில்தான் சுகப்படும். ஆகவே வரிசையைத் திருப்பிப் போட்டால் நாள் தானாகவே சரியாக அமைந்துவிடும்.

எர்ணாகுளம் பக்கம் உயர்நீதிமன்றம் அருகே இருக்கும் வாட்டர் மெட்ரோ முனையத்துக்கு எட்டு மணி வாக்கில் வந்துவிடுங்கள். மட்டாஞ்சேரிக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் அங்கிருந்து படகு உண்டு. சாலை வழியாகவும் போகலாம். ஆனால் தோப்பும்படிப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு நெரிசலில் போக வேண்டும், காலை நேரத்தில் அது வீண்.

நண்பரைச் சந்திக்கும் இடமாக "ஜூ டவுன்" (யூத ஆலயம் இருக்கும் பகுதி) என்று சொல்லாதீர்கள். அது ஒரு முழுத் தெரு, ஆளுக்கொரு முனையில் நின்றுகொண்டு போனில் கத்திக்கொண்டிருப்பீர்கள். அரண்மனையின் நுழைவு வாசல் என்று சொல்லுங்கள். அது எல்லோருக்கும் தெரியும்.

6. அரண்மனை, பிறகு யூத ஆலயம்

காலையில் அரண்மனை திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தது, டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததால் டச்சு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ பழைய அரசு அலுவலகம் போலத்தான் இருக்கும். சிலர் அதைப் பார்த்தே திரும்பிவிடுவார்கள். உள்ளே அரசரின் படுக்கையறைச் சுவர்களில் ராமாயண ஓவியங்கள் வரைந்திருக்கிறார்கள், வந்ததே அதற்காகத்தான். பல்லக்குகளையும் உடைகளையும் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். கூட்டம் வருவதற்கு முன் ஓவிய அறைக்கு முதலில் போங்கள். படம் எடுக்கலாமா என்று சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

யூத ஆலயம் காலை பத்து முதல் ஒன்று வரை, பிறகு மூன்று முதல் ஐந்து வரை. பத்து மணிக்கு வாசலில் நில்லுங்கள். சுற்றுலாப் பேருந்துகள் வர ஆரம்பித்துவிட்டால் உள்ளே நிற்க இடமிருக்காது. 1568-இல் கட்டியது. தரையைப் பார்த்து நடங்கள்: சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள், கையால் வரைந்தவை. ஒன்றுபோல இன்னொன்று இருக்காது என்பார்கள்.

இங்கே ஒரு வேண்டுகோள். இந்தச் சமூகத்தில் பெரும்பாலானவர்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள், மிஞ்சியிருப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். "இப்போது எத்தனை யூதர்கள் இருக்கிறார்கள்? அவர்கள் வீடு எது? பார்க்க முடியுமா?" என்று நண்பரை நச்சரிக்காதீர்கள். எனக்கு இது பிடிப்பதே இல்லை. ஊர்க்காரர்களுக்கு அவர்கள் அக்கம்பக்கத்தவர், காட்சிப்பொருள் ஆக்கிக் காட்ட அவர்களுக்கும் மனம் வராது.

ஆலயத்தை விட்டு வெளியே வந்ததும் தெருவின் இருபுறமும் பழம்பொருள், வாசனைப் பொருள் கடைகள் அழைக்கும். ஏலக்காய், மிளகு வாங்க இது இடமில்லை. அடுத்த தெருவுக்குப் போகும்வரை பொறுங்கள்.

7. பஜார் ரோடு: மெதுவாக நடக்க வேண்டிய இடம்

அரண்மனைப் பக்கத்திலிருந்து தண்ணீர் ஓரமாக வடக்கே போகும் சாலைதான் பஜார் ரோடு. ஒரு பக்கம் கிடங்குகள், அவற்றின் பின்வாசல் காயலைப் பார்த்தபடி இருக்கும். மிளகு, இஞ்சி, அரிசி, வெங்காயம் என்று மூட்டைகள் ஏறி இறங்கும்.

ஊர் நண்பரின் உண்மையான பயன் இங்கேதான் தெரியும். தனியாகப் போனால் நீங்கள் சாலையில் நடக்கும் ஒரு பயணி, அவ்வளவுதான். தெரிந்தவர் கூட இருந்தால் கிடங்குக்காரர் "கேறி வா" என்று உள்ளே அழைப்பார். உள்முற்றத்தில் இஞ்சி காய்வதையும், மிளகைச் சலித்துத் தரம் பிரிப்பதையும் பார்க்கலாம். ஆனால் நண்பர் முதலில் போய்ப் பேசட்டும், நீங்கள் வாசலில் நில்லுங்கள். கேமராவை நீட்டிக்கொண்டு முதல் ஆளாக நுழைந்தால் அந்தக் கதவு உங்களுக்கு மட்டுமில்லை, அடுத்த முறை அவருக்கும் திறக்காது.

சுமை தூக்குகிறவர்கள் வரும்போது சுவரோரம் ஒதுங்குங்கள். தலையில் பாரத்தோடு வருகிறவரால் சட்டென்று நிற்க முடியாது. அவர்களைப் படம் எடுப்பதென்றால் பாரத்தை இறக்கிய பிறகு கேளுங்கள்.

மிளகும் ஏலமும் இங்கே மொத்த வியாபாரக் கடையில் சில்லறையாகக் கேட்டுப் பாருங்கள், பல கடைகளில் கொடுப்பார்கள். ஆட்டோக்காரர் தானாகக் கூட்டிப்போகும் "அரசு அங்கீகாரம் பெற்ற" வாசனைப் பொருள் கடைகளில் அவருக்குக் கமிஷன் உண்டு. அதை உங்கள் தலையில்தான் கட்டுவார்கள்.

அழைக்கும் முறை: ஆண்களைச் சேட்டா, பெண்களைச் சேச்சி. முஸ்லிம் பெரியவர்களை இக்கா, இத்தா. தெரியாவிட்டால் நண்பர் அழைப்பதையே பின்பற்றுங்கள். மொழிக்காகக் கவலைப்பட வேண்டாம், தமிழை நிதானமாகப் பேசினாலே புரிந்துகொள்வார்கள். சினிமா மலையாளத்தில் பேசிக் காட்டுவதுதான் குழப்பம் உண்டாக்கும்.

8. குஜராத்தி ரோடு, பிறகு சாப்பாடு

நண்பகலுக்குள் பஜார் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பிக் குஜராத்தி ரோட்டுக்கு வந்துவிடுங்கள். அங்கே ஜைனக் கோயிலில் நண்பகல் வாக்கில் புறாக்களுக்குத் தீனி போடுவார்கள். கூட்டமாக இறங்கும், கோயிலைச் சுற்றிப் பறக்கும். குழந்தைகள் கூட இருந்தால் இதைத் தவறவிடாதீர்கள். தீனிக்கு முன்பே போய் ஒரு ஓரமாக உட்காருங்கள். நடுவில் நுழைந்தால் புறாக்கள் கலைந்துவிடும், மற்றவர்கள் முறைப்பார்கள்.

அதே தெருவில் குஜராத்தி இனிப்பு, காரம் விற்கும் பழைய கடைகள் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு துண்டு போதும், ஏனென்றால் அடுத்தது பிரியாணி.

மட்டாஞ்சேரி நியூ ரோட்டில் உள்ள ரஹ்மத்துல்லா ஹோட்டலை ஊரே காயிக்கா கடை என்றுதான் சொல்லும். மட்டன் பிரியாணிதான் பெயர் பெற்றது. குஜராத்தி ரோட்டிலிருந்து ஆட்டோவில் போய் ஒரு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள். தாமதமானால் கூட்டமும் நெருக்கும், பிரியாணியும் தீர்ந்துவிடும். சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிட வேண்டும், பின்னால் ஆள் காத்திருப்பார். பேச்செல்லாம் வெளியே வந்து சுலைமானி (பால் சேர்க்காத தேநீர்) குடிக்கும்போது. சைவம் சாப்பிடுகிறவர்கள் கூட இருந்தால் குஜராத்தி ரோட்டிலேயே முடித்துக்கொண்டு வருவது நல்லது. "அங்கே ஏதாவது கிடைக்கும்" என்று இழுத்துப் போகாதீர்கள்.

9. மதிய இடைவெளி

இரண்டு முதல் மூன்று வரை எதுவும் வைக்காதீர்கள். திட்டம் போடுகிறவர்கள் இந்த ஒரு மணி நேரத்தில் இன்னொரு அருங்காட்சியகத்தைச் செருகிவிடுவார்கள், நாலு மணிக்கெல்லாம் யாருக்கும் முகம் இருக்காது. நண்பரும் வீட்டுக்குப் போய்க் கடையையோ பிள்ளைகளையோ பார்த்துவிட்டு வர இதுதான் நேரம். அவராகக் கேட்கமாட்டார், நீங்களே சொல்லி அனுப்புங்கள்.

10. வெளி பகுதியின் டோபி கானா

மூன்று மணிக்கு ஃபோர்ட் கொச்சி வெளிப் பகுதியில் இருக்கும் டோபி கானாவுக்கு ஆட்டோ பிடியுங்கள். துணி வெளுக்கும் தொழிலைத் தலைமுறைகளாகச் செய்துவரும் தமிழ்க் குடும்பங்களின் இடம் இது. டச்சுக்காரர்கள் காலத்தில் கூட்டிவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்கிறார்கள். காலையில் வெளுத்த துணி மைதானம் முழுக்கக் காய்ந்துகொண்டிருக்கும். கொடியில் ஒரு கிளிப்கூட இருக்காது: இரண்டு கயிறுகளை முறுக்கி, முறுக்கின் இடுக்கில் துணி முனையைச் செருகிவிடுவார்கள். காற்றுக்கு அசையாது, கயிற்றை லேசாகப் பிரித்தால் கையோடு வந்துவிடும். உள்ளே கனமான பெட்டிகளில் இஸ்திரி நடக்கும்.

இங்கே உங்களுக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டாம் என்பதால் ஒரு சிக்கல். தமிழ் கேட்டதும் நமக்கு உரிமை வந்துவிடுகிறது. "சொந்த ஊர் எது, என்ன ஆளுங்க" என்று ஆரம்பித்துவிடுகிறோம். சொந்த ஊர் எது என்றால் அவர்கள் கொச்சி என்றுதான் சொல்வார்கள், அதுதான் உண்மையும். இரண்டாவது கேள்வியைக் கேட்கவே கேட்காதீர்கள். வேலையைப் பற்றிக் கேளுங்கள்: கஞ்சி எப்படிப் போடுகிறார்கள், யாருடைய துணி எது என்று எப்படி அடையாளம் வைக்கிறார்கள். அதற்கு ஆசையாகப் பதில் சொல்வார்கள். இருபது நிமிடம் போதும். வேலை நேரம் அவர்களுக்கு.

11. ஃபோர்ட் கொச்சி: சுருக்கமாக

இங்கே வழி தவறவே முடியாது, எல்லாம் நடக்கும் தூரம். பரேட் மைதானத்தில் தொடங்கி புனித பிரான்சிஸ் தேவாலயம். வாஸ்கோ ட காமாவை 1524-இல் புதைத்த இடம் தரையில் இருக்கிறது. உடல் பின்னர் லிஸ்பனுக்குப் போய்விட்டது. தலையை நிமிர்த்திப் பாருங்கள், வெளியிலிருந்து கயிறு இழுத்து அசைக்கும் பழைய துணி விசிறிகள் தொங்குகின்றன. புகைப்படத்துக்கு அவசரப்படுகிறவர்கள் பாதிப் பேர் அதைப் பார்க்காமலே வெளியே வந்துவிடுகிறார்கள்.

ஐந்து மணிக்குச் சீன வலைகள். வலை இழுக்கிறவர்கள் "வந்து இழுத்துப் பாருங்கள்" என்று கூப்பிடுவார்கள். போனால் பணம் எதிர்பார்ப்பார்கள், அது நியாயம்தான். எவ்வளவு என்று மேடையில் ஏறுவதற்கு முன் நண்பரை விட்டுப் பேசச் சொல்லுங்கள். மீன் வாங்கிக் கொடுத்தால் பக்கத்துக் கடையில் பொரித்துத் தருவார்கள். மீன் விலை வேறு, சமைக்கும் கூலி வேறு, இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சூரியன் இறங்கியதும் நண்பர் வீட்டுச் சாயா. முக்கால் மணி நேரத்தில் கிளம்பிவிடுங்கள்.

12. யார் பணம் கொடுப்பது

எந்தக் கடையிலும் நண்பர் உங்களைப் பையில் கைவிட விடமாட்டார். கல்லா முன்னால் மல்லுக்கட்டுவதைவிடக் காலையிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்: படகு, நுழைவுச் சீட்டு, ஆட்டோ உங்களுடையது, சாயாவும் பலகாரமும் அவருடையது. மதியச் சாப்பாட்டுக்கு கை கழுவப் போகும்போதே கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். நாள் முடிவில் அவர் கையில் பணம் திணிக்காதீர்கள். அவருடைய சொந்தக்காரர் கடைக்குக் கூட்டிப்போனால் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அரைமணி நேரம் எல்லாவற்றையும் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு இறங்கினால் சங்கடம் அவருக்குத்தான். வாங்கும் எண்ணம் இல்லையென்றால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

13. திரும்பும் படகு

ஃபோர்ட் கொச்சியிலிருந்து கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் ஏறும்போதே கேட்டு, அதற்கு முந்தைய படகுக்குத் திட்டமிடுங்கள். மாலையில் வரிசை நீளம், கடைசிப் படகில் இடம் கிடைக்காமல் போகலாம். தவறிவிட்டால் சாலைவழி டாக்ஸிதான்.

டிசம்பர் 31 அன்று மட்டும் இந்தத் திட்டத்தோடு போகாதீர்கள். அன்று நள்ளிரவில் பழைய ஆண்டைக் குறிக்கும் பாப்பாஞ்ஞி என்ற கிழவர் உருவத்தைக் கொளுத்துவார்கள், ஃபோர்ட் கொச்சியில் கால் வைக்க இடமிருக்காது, வண்டிகளையும் தடுத்துவிடுவார்கள். அதைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் ஃபோர்ட் கொச்சிக்குள்ளேயே மாதங்களுக்கு முன்னால் அறை பிடித்துவிடுங்கள். எர்ணாகுளத்தில் தங்கிக்கொண்டு அன்றிரவு திரும்பலாம் என்று நினைக்க வேண்டாம்.